நெஞ்சில் நீர் கோத்தால்: எடுத்த நீரின் எண்களை வரிசையாகப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூரில் எங்கள் லேப் ஜன்னலில் வந்து நிற்கும் வீட்டார் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "நுரையீரல்ல தண்ணி கோத்திருக்குதாம். எடுத்துக் குடுத்தாங்க, ஏ.டி.ஏ பாக்கணுமாம்." ஏ.டி.ஏ என்பது காசநோயைச் சந்தேகித்துக் கேட்கும் ஒரு சோதனை. கையில் நாலைந்து குழாய்கள் இருக்கும். சில நாள் ஒரே ஒரு பாட்டில்தான் இருக்கும். அந்த ஒற்றைப் பாட்டிலைப் பார்த்ததும் மனசு கனத்துப்போகும். பாதிக் கேள்விகளுக்கு இனி பதில் கிடைக்காது என்று அப்போதே தெரிந்துவிடும்.

பத்தொன்பது வருடமாக உயிர்வேதியியல் பிரிவில் வேலை பார்க்கிறேன். மருத்துவர் இல்லை, மருத்துவர் படிக்கும் எண்களை அளந்து கொடுக்கிறவன். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு புரியாமல் உட்கார்ந்திருக்கும் வீட்டாருக்காகவும், வார்டில் குழாய்களை நிரப்பும் செவிலியர்களுக்காகவும், இப்போதுதான் லேப்பில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். சொல்ல வருவது ஒன்றுதான். இந்த நீரில் அளக்கும் எந்த எண்ணும் தனியாக நின்று நோயின் பெயரைச் சொல்லாது. நோயைக் காட்டும் குறி என்ற பொருளில் பயோமார்க்கர் என்று பெரிய பெயர் வைத்தாலும் அப்படித்தான். முந்தைய எண்ணைத் தெரிந்துகொண்டு அடுத்ததைப் படிக்க வேண்டும். மருந்து தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவரின் முடிவு. ஆனால் அவரிடம் சரியான கேள்வி கேட்க நமக்கும் வரிசை தெரிந்திருக்க வேண்டும்.

நீர் எங்கே நிற்கிறது

நுரையீரலில் தண்ணீர் என்று பேச்சுவழக்கில் சொன்னாலும், இந்த நீர் நுரையீரலுக்குள் இல்லை. நுரையீரலைச் சுற்றி ப்ளூரா என்ற மெல்லிய சவ்வு இரண்டு அடுக்காக இருக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் நம் எல்லோருக்குமே சுமார் 10 மில்லி நீர் உண்டு. மூச்சு விடும்போது அடுக்குகள் ஒன்றோடொன்று உரசாமல் வழுக்கிப் போக அது வேண்டும். ஊறுவதும் உறிஞ்சப்படுவதும் சமமாக நடக்கும்வரை தொல்லை இல்லை. ஊறுவது கூடினாலோ, வடியும் வழி அடைபட்டாலோ தேங்கிவிடும். நிற்க வைத்து எடுக்கும் சாதாரண எக்ஸ்ரேயில் ஏறக்குறைய 200 மில்லி சேர்ந்த பிறகுதான் தெரியும். அல்ட்ராசவுண்டில் அதைவிடக் குறைவாக இருந்தாலே தெரிந்துவிடும்.

தேங்குவதில் இரண்டு வகை. கோடையில் புது மண்பானையில் தண்ணீர் ஊற்றினால் வெளிப்பக்கம் ஈரம் கசிகிறது. பானைக்கு ஒரு கேடும் இல்லை. சிரங்குப் புண்ணிலிருந்தும் நீர் வடிகிறது, ஆனால் அங்கே தோலே கெட்டிருக்கிறது. இதயம் பலவீனமாவது, கல்லீரல் சுருங்குவது, சிறுநீரகம் புரதத்தை வெளியே விடுவது போன்றவற்றால் வருவது முதல் வகை. சவ்வு நன்றாக இருக்கும், அழுத்தக் கணக்குதான் மாறியிருக்கும். அதை டிரான்சுடேட் என்பார்கள். காசநோய், நிமோனியா, புற்றுநோய் போன்றவை சவ்வையே தாக்கி வரவழைப்பது இரண்டாம் வகை, எக்ஸுடேட். இனி வரும் படிகள் எல்லாம் இந்தப் பிரிவின் மேல்தான் நிற்கின்றன.

முதல் படி: ஊசி போட வேண்டுமா என்று பார்ப்பது

நீர் இருக்கிற எல்லோருக்கும் ஊசி போட்டு எடுக்கத் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நம் பக்கம் டெங்கு பரவும்போது ஸ்கேன் செய்தவர்களில் பலருக்கு நெஞ்சிலும் வயிற்றிலும் கொஞ்சம் நீர் தெரியும். ரத்தக் குழாயிலிருந்து பிளாஸ்மா கசிவதால் வருவது அது. காய்ச்சல் கட்டம் தாண்டியதும் சில நாளில் தானாக உறிஞ்சப்பட்டுவிடும். தட்டணுக்கள் குறைந்திருக்கும் அந்த நேரத்தில் ஊசி போடுவதுதான் ஆபத்து.

அதேபோல், தெரிந்த இதய நோயாளி, இரண்டு பக்கமும் நீர், காய்ச்சல் இல்லை, நெஞ்சுவலி இல்லை என்றால் சிறுநீர் பிரியும் மாத்திரை கொடுத்துப் பார்த்துக் காத்திருப்பது வழக்கம். ஒரு பக்கம் மட்டும் நீர், காய்ச்சல், எடை குறைவு, மாத்திரைக்குக் குறையாத நீர் என்றால் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டாம் படி: எடுக்கும் அந்தப் பத்து நிமிடம்

இங்கே நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். பின்னால் எவ்வளவு விலையுயர்ந்த சோதனை செய்தாலும் இந்தப் பத்து நிமிடத்தில் செய்த தவறைச் சரிசெய்ய முடியாது.

நோயாளியை உட்கார வைத்து, முன்னால் மேசையில் தலையணை போட்டுக் கைகளை அதன்மேல் மடக்கி வைத்துக் குனியச் சொல்வார்கள். ஸ்கேன் பார்த்து இடம் குறிப்பார்கள். விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி ஊசி போகும். கீழ் விளிம்பில் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுவதால் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். சிரிஞ்சில் நீர் ஏறும்போது பக்கத்தில் என்னென்ன குழாய் தயாராக இருக்கிறது என்பதுதான் என் கவலை.

ஊதா மூடிக் குழாய் அணுக்களை எண்ணுவதற்கு. அதில் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ இருக்கும். சாதாரணக் குழாயில் பிடித்தால் சில நீர் ஜெல்லி போல உறைந்து, அணுக்கள் எல்லாம் அந்தக் கட்டிக்குள் சிக்கிக்கொள்ளும், எண்ணிக்கை பொய்யாக வரும். சிவப்பு மூடி, புரதம், எல்.டி.ஹெச் (அணுக்கள் சிதையும்போது வெளிவரும் நொதி), ஆல்புமின் (புரதத்தில் ஒரு வகை), ஏ.டி.ஏ இவற்றுக்கு. சாம்பல் மூடி சர்க்கரைக்கு. அதில் உள்ள ஃப்ளோரைடு இல்லாவிட்டால் நீரில் இருக்கும் வெள்ளணுக்களும் கிருமிகளும் வழியிலேயே சர்க்கரையைத் தின்றுவிடும். கிருமி வளர்க்கச் சுத்தமான தனிப் பாட்டில். நிமோனியா, சீழ் என்ற சந்தேகம் இருந்தால் ரத்தம் கல்ச்சர் செய்யும் பாட்டிலிலும் கொஞ்சம் விட்டால் கிருமி சிக்கும் வாய்ப்பு கூடும். புற்றணு தேடும் சைட்டாலஜிக்கு 50 மில்லிக்குக் குறையாமல் தனியாக வேண்டும். அஞ்சு மில்லி கொடுத்துவிட்டுப் புற்றணு இல்லை என்று வந்தால் அந்த 'இல்லை'யை நம்ப முடியாது.

நீரின் அமிலத்தன்மையைச் சொல்லும் பி.ஹெச் மட்டும் தனிக் கதை. ஹெப்பாரின் தடவிய சிரிஞ்சில், காற்றுக் குமிழி துளியும் இல்லாமல், மூடி, ஐஸில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ரத்த வாயு இயந்திரத்தில் போட வேண்டும். காற்று கலந்தால் எண் ஏறிவிடும். மரத்துப்போகப் போட்ட லிக்னோகெயின் சிரிஞ்சில் மிச்சம் இருந்தால் எண் இறங்கிவிடும். சித்திரை வெயிலில் கடலூர் பேருந்து நிலையத்தில் ஏறி, கன்னியக்கோயில், அரியாங்குப்பம் எல்லாம் நின்று நின்று புதுச்சேரி போய்ச் சேரும் பிளாஸ்டிக் கவரில் பி.ஹெச் பிழைக்காது. அதை எடுத்த இடத்திலேயே பார்க்க வேண்டும், இல்லையென்றால் பார்க்காமல் சர்க்கரையை வைத்து முடிவெடுக்க வேண்டும். மற்ற குழாய்களை அனுப்ப வேண்டியிருந்தால் ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். நீரை எடுத்த நேரத்தைக் குழாயின் மேல் எழுதுங்கள்.

எல்லாவற்றிலும் அதிகம் மறந்துபோவது ரத்தம். நீர் எடுக்கும் அதே நாளில், முடிந்தால் அதே வேளையில், கையிலிருந்து ரத்தமும் எடுத்துப் புரதம், எல்.டி.ஹெச், ஆல்புமின், சர்க்கரை பார்க்க வேண்டும். ரத்த எண் பக்கத்தில் இல்லாத நீரின் எண் பாதி எண்தான். "சிஸ்டர், பிளட்டும் சேர்த்து எடுத்துட்டீங்களா?" என்று வீட்டார் ஒருவர் கேட்டாலே போதும். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மூச்சுத்திணறல் போக நிறைய நீர் எடுப்பதாக இருந்தால் ஒரே தடவையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். சுருங்கியிருந்த நுரையீரல் திடீரென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கசியும் ஆபத்து உண்டு. "மிச்சத்தை ஏன் விட்டுட்டாங்க?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மூன்றாம் படி: கண்ணும் மூக்கும்

இயந்திரத்தில் போடுவதற்கு முன் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். வைக்கோல் நிறத் தெளிந்த நீர் எதுவாகவும் இருக்கலாம். கெட்டியான சீழ் என்றால் பி.ஹெச் பார்க்கவே தேவையில்லை, உடனே குழாய் போட்டு வடிக்க வேண்டும். அழுகல் நாற்றம் வந்தால் காற்றில்லாமல் வளரும் கிருமி. பால் போல இருந்தால் நிணநீர்க் குழாய் சம்பந்தப்பட்டது. காப்பிப்பொடி கலந்த சாந்து போலச் செம்பழுப்பாக வந்து, நோயாளிக்கு வலது விலாவின் கீழ் வலி இருந்தால் கல்லீரலில் அமீபா கட்டி உடைந்திருக்கலாம். ரத்தம் போலச் சிவந்திருந்தால் ஹீமட்டோகிரிட், அதாவது அதில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். ரத்தத்தின் ஹீமட்டோகிரிட்டில் பாதிக்கு மேல் இருந்தால்தான் அது உண்மையான ரத்தக்கசிவு. அதற்குக் கீழே என்றால் ரத்தம் கலந்த நீர், அப்போது புற்றுநோய், காசநோய், நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு எல்லாம் பட்டியலில் வரும்.

நான்காம் படி: லைட் அளவுகோல்

1972ல் ரிச்சர்ட் லைட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 150 நோயாளிகளின் நீரை ரத்தத்தோடு ஒப்பிட்டு ஒரு அளவுகோலைச் சொன்னார்கள். அரை நூற்றாண்டு தாண்டியும் எங்கள் லேப்பில் தினமும் அதைத்தான் போடுகிறோம். மூன்று கேள்விகள். நீரின் புரதத்தை ரத்தப் புரதத்தால் வகுத்தால் 0.5க்கு மேல் வருகிறதா? நீரின் எல்.டி.ஹெச்சை ரத்த எல்.டி.ஹெச்சால் வகுத்தால் 0.6க்கு மேல் வருகிறதா? நீரின் எல்.டி.ஹெச், ரத்தத்துக்கு அந்த லேப் வைத்திருக்கும் உச்ச அளவில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டுகிறதா? மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலே எக்ஸுடேட். மூன்றும் இல்லை என்றால் டிரான்சுடேட்.

கையில் ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் 27 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரமாகச் சாயங்காலக் காய்ச்சல், இடது பக்கம் நீர். நீரில் புரதம் 5.1 கிராம், ரத்தத்தில் 7.2. வகுத்தால் 0.71. நீரின் எல்.டி.ஹெச் 480, ரத்தத்தில் 300. வகுத்தால் 1.6. சந்தேகமே இல்லை, எக்ஸுடேட். இவரைப் பிறகு பார்ப்போம்.

இன்னொருவர், 68 வயது, பழைய மாரடைப்பு, கால் வீக்கத்துக்கு நாலு நாளாக லாசிக்ஸ் என்ற சிறுநீர் பிரியும் ஊசி ஓடுகிறது. நீரில் புரதம் 3.6, ரத்தத்தில் 6.8. வகுத்தால் 0.53. அளவுகோல் எக்ஸுடேட் என்கிறது. வீட்டில் எல்லோரும் பதறிப்போய் டி.பி.யா, கேன்சரா என்று கேட்பார்கள். ஆனால் எல்.டி.ஹெச் நீரில் 130, ரத்தத்தில் 260, வகுத்தால் 0.5தான். மூன்றில் ஒன்று மட்டும், அதுவும் மயிரிழையில் தாண்டியிருக்கிறது. லைட் அளவுகோலின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. எக்ஸுடேட்டை அது கிட்டத்தட்ட தவறவிடாது. ஆனால் உண்மையில் டிரான்சுடேட்டாக இருப்பவற்றில் ஏறக்குறைய நாலில் ஒன்றை எக்ஸுடேட் என்று தவறாகச் சொல்லிவிடும். சிறுநீர் பிரியும் மருந்து எடுத்தவர்களிடம் இது அடிக்கடி நடக்கும். மருந்து தண்ணீரை மட்டும் வெளியேற்ற, மிச்ச நீரில் புரதம் கெட்டியாகிவிடுகிறது.

அப்போது செய்ய வேண்டியது சாதாரணக் கழித்தல் கணக்கு. ரத்த ஆல்புமினிலிருந்து நீரின் ஆல்புமினைக் கழியுங்கள். இவருக்கு 3.4ல் 1.9 போனால் 1.5. வித்தியாசம் 1.2 கிராமுக்கு மேல் இருந்தால் அது இதயத்தின் நீர்தான் என்ற பக்கம் சாய வேண்டும். ஆல்புமின் பார்க்காவிட்டால் மொத்தப் புரதத்தில் 3.1 கிராம் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்கலாம். இவருக்கு அது 3.2. இன்னும் உறுதி வேண்டுமா, என்.டி. புரோ பி.என்.பி என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. இதய அறைச் சுவர் இழுபடும்போது வெளிவரும் பொருள் அது. 1500 பிகோகிராமுக்கு மேல் இருந்தால் இதயச் செயலிழப்பு என்று வழக்கமாக எடுத்துக்கொள்வார்கள். நீரிலும் ரத்தத்திலும் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே வருவதால் ரத்தத்தில் பார்த்தாலே போதும், நீரிலும் தனியாகக் காசு செலவழிக்க வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த எண் தானாகவே ஏறியிருக்கும் என்பதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

டிரான்சுடேட் என்று உறுதியானால் பெரும்பாலும் அத்தோடு நிறுத்திக்கொண்டு இதயம், கல்லீரல், சிறுநீரகத்தைப் பார்க்கப் போகலாம். ஏ.டி.ஏ, சி.இ.ஏ (ஒரு புற்றுக் குறியீடு) என்று அடுக்கிக்கொண்டே போகத் தேவையில்லை.

ஐந்தாம் படி: எந்த அணு அதிகம்

எக்ஸுடேட் என்றால் அடுத்து வெள்ளணுக்களின் வகைகள். நியூட்ரோஃபில் அதிகம் என்றால் நோய் புதிது: நிமோனியா, கணைய அழற்சி, நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு. லிம்போசைட் பாதிக்கு மேல் இருந்தால் பழகிய நோய்: காசநோய், புற்றுநோய், லிம்போமா (நிணநீர்ப் புற்று), முடக்குவாதம், இதய அறுவைக்குப் பிறகு தங்கும் நீர். ஈசினோஃபில் 10 சதவீதம் தாண்டினால் பல நேரம் நெஞ்சுக்குள் காற்றோ ரத்தமோ போயிருக்கிறது என்று அர்த்தம். மருந்து ஒவ்வாமையும் புழுவும் புற்றும்கூடக் காரணமாகலாம்.

ஒரு எச்சரிக்கை. காசநோய் நீரிலும் முதல் சில நாட்கள் நியூட்ரோஃபில் முன்னால் நிற்கும், அப்புறம்தான் லிம்போசைட் வரும். ஆகவே நோய் தொடங்கி எத்தனை நாளில் எடுத்த நீர் என்று கேட்காமல் இந்த வரியைப் படிக்க வேண்டாம்.

ஆறாம் படி: காத்திருக்க முடியாத எண்கள்

காய்ச்சல், சளி, நியூட்ரோஃபில் அதிகம். அப்படி என்றால் ஏ.டி.ஏ வரும்வரை உட்கார்ந்திருக்கக் கூடாது. பி.ஹெச் 7.2க்குக் கீழ் போனால், அல்லது சர்க்கரை 60 மில்லிகிராமுக்குக் கீழ் போனால், நெஞ்சில் குழாய் போட்டு வடிக்கலாமா என்று அன்றைக்கே மருத்துவர் முடிவெடுக்க வேண்டியிருக்கும். எல்.டி.ஹெச் 1000ஐத் தாண்டுவதும் அதே பக்கம்தான் கை காட்டும். சீழ் ஒரு நாள் தங்கினால் ஒரு நாள் கெட்டியாகும், அறை அறையாகப் பிரிந்துகொள்ளும், அப்புறம் குழாய்க்கு வழிவிடாது. நீரில் சி.ஆர்.பி என்ற அழற்சிக் குறியீடு நன்றாக ஏறியிருந்தால் அது பாக்டீரியா பக்கம் கூடுதல் சாட்சி. பாக்டீரியா தொற்றில் ஏறும் இன்னொரு குறியீடான புரோகால்சிடோனினை நீரில் பார்ப்பதால் பெரிய லாபம் இல்லை என்பது என் அனுபவம்.

சர்க்கரை மிகக் குறைந்து 30க்கும் கீழே வந்து, நோயாளிக்கு விரல் மூட்டுகள் வீங்கியிருந்தால் முடக்குவாதத்தை யோசிக்க வேண்டும். காசநோயிலும் புற்றிலும்கூடச் சர்க்கரையும் பி.ஹெச்சும் குறையலாம்.

ஏழாம் படி: ஏ.டி.ஏ

நம் பக்கத்தில் இந்த மூன்றெழுத்து தெரியாத வார்டு கிடையாது. அடினோசின் டீஅமினேஸ் என்ற நொதி அது. காசநோய்க் கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளணுக்கள் அதை நிறைய வெளியே விடுகின்றன. காசநோய் நீரில் கிருமி எண்ணிக்கையே குறைவு, நீர் பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்பால் ஊறுவது. அதனால் நீரை நேராக நுண்ணோக்கியில் பார்த்தால் நூற்றில் பத்துப் பேருக்குக்கூடக் கிருமி தெரியாது, கல்ச்சரும் பாதிக்கு மேல் கைவிடும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஏ.டி.ஏ வந்தது. விலையும் குறைவு, அன்றே முடிவும் வரும்.

வழக்கமான கோடு லிட்டருக்கு 40 யூனிட். நம் முந்திரித் தொழிலாளிப் பெண்ணுக்குத் திரும்புவோம். எக்ஸுடேட், லிம்போசைட் 88 சதவீதம், சர்க்கரை 78, ஏ.டி.ஏ 62. இளம் வயது, சாயங்காலக் காய்ச்சல். எல்லாம் ஒரே திசையில் கை நீட்டுகின்றன. இப்படி வந்தால் நம் நாட்டில், காசநோய் இவ்வளவு பரவியிருக்கும் இடத்தில், மருத்துவர் தைரியமாகச் சிகிச்சை தொடங்குவார். அது சரியான முடிவும்கூட.

ஆனால் அந்த 62க்குப் பக்கத்தில் நியூட்ரோஃபில் 85 சதவீதம் என்று இருந்திருந்தால்? சீழ் பிடித்த நீரிலும் ஏ.டி.ஏ 40ஐ எளிதாகத் தாண்டும். லிம்போமாவிலும் ஏறும், முடக்குவாதத்திலும் ஏறும். 250ஐத் தாண்டிப் போனால் காசநோயைவிடச் சீழையும் லிம்போமாவையும் முதலில் யோசிக்க வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு. லிம்போசைட் நீரில் ஏ.டி.ஏ குறைவாக இருந்தால் காசநோய்க்கான வாய்ப்பு நன்றாகக் குறையும், ஆனால் முதியவர்களிடமும் நோயின் ஆரம்ப நாட்களிலும் குறைவாகவே வந்து ஏமாற்றலாம்.

என் பெரியப்பாவுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். 71 வயது, சிறு வயதிலிருந்தே பீடி. வலது நெஞ்சு நிறைய நீர், லேசாகச் சிவந்த நிறம், எடை எட்டுக் கிலோ குறைந்திருந்தது. ஏ.டி.ஏ 44. அந்த ஒற்றை எண்ணைப் பார்த்துவிட்டுக் காசநோய் மாத்திரை தொடங்கினார்கள். சைட்டாலஜிக்கு நீர் போகவே இல்லை. நான் வெளியூரில் ஒரு பயிற்சியில் இருந்தேன், ஃபோனில் "44ன்னா டி.பி.தானேடா தம்பி?" என்று பெரியம்மா கேட்டார். இரண்டு மாதத்தில் நீர் பழையபடி நிரம்பியது. அப்புறம்தான் திசு எடுத்துப் பார்த்தார்கள். அடினோகார்சினோமா என்ற நுரையீரல் புற்றுநோய். முதல் நாளே வயது, பீடி, நிறம், எடை, 44 ஐந்தையும் ஒரே காகிதத்தில் எழுதியிருந்தால் அந்த இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். அன்றிலிருந்து என் மேசையில் ஏ.டி.ஏ கேட்டு வரும் ஒவ்வொரு நீருக்கும் அணுக்கணக்கு கேட்டிருக்கிறார்களா என்று பார்க்கிறேன். இல்லையென்றால் வார்டுக்கு ஃபோன் போடுகிறேன்.

ஏ.டி.ஏவோடு சிபிநாட்டும் அனுப்பச் சொல்லுங்கள். காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை அது. இந்த நீரில் அது பல காசநோயைத் தவறவிடும். 'இல்லை' என்று வந்தால் எதையும் தள்ளிவிட முடியாது. ஆனால் 'உண்டு' என்று வந்தால் விஷயம் முடிந்தது, ரிஃபாம்பிசின் மருந்து வேலை செய்யுமா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். இருமல் இல்லாவிட்டாலும் சளியையும் சோதிக்க வேண்டும். நீர் மட்டும் இருப்பவர்களில் சிலருக்குச் சளியிலும் கிருமி இருக்கும், வீட்டில் குழந்தைகள் இருக்கும் இடத்தில் அது தெரிந்தாக வேண்டும்.

காசநோய் என்று முடிவானால் மருந்து ஆறு மாதம், அரசு மருத்துவமனைகளில் இலவசம். புதுச்சேரியில் கோரிமேட்டில் நெஞ்சக நோய்களுக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது, கடலூர்க்காரர்களுக்கு மாவட்டக் காசநோய் மையம் இருக்கிறது. நிக்ஷய் என்ற அரசின் காசநோயாளர் பதிவில் பெயர் சேர்த்துக்கொண்டால் சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன் இது 500 ஆக இருந்தது. தனியாரிடம் மருத்துவம் பார்ப்பவர்களும் பதிவு செய்யலாம். பாஸ்புக் நகலை முதல் நாளே கொண்டுபோங்கள்.

எட்டாம் படி: புற்று இருக்கிறதா

இங்கே ரத்தக் குறியீடுகளை நம்பி ஓடாதீர்கள். நீரில் உள்ள அணுக்களை நோய்க்கூறு நிபுணர் பார்க்கும் சைட்டாலஜிதான் முதல் சாட்சி. அதுவும் புற்று உள்ளவர்களில் நூற்றில் அறுபது பேருக்குத்தான் முதல் தடவையில் சொல்லும். இரண்டாம் தடவை நல்ல அளவில் அனுப்பினால் இன்னும் சிலர் கிடைப்பார்கள். மூன்றாவது, நான்காவது தடவை அனுப்புவதில் பயன் குறைவு. அந்தக் கட்டத்தில் திசுப் பரிசோதனைக்குப் போவதே நல்லது. 'செல் பிளாக்' செய்யச் சொல்லிக் கேளுங்கள். நீரைச் சுழற்றி அடியில் தங்கும் அணுக்களை மெழுகில் கட்டியாக்கி வெட்டிப் பார்ப்பது அது. அதே கட்டியிலிருந்து ஈ.ஜி.எஃப்.ஆர், ஏ.எல்.கே போன்ற மரபணு மாற்றங்களையும் பார்க்கலாம். மாற்றம் இருந்தால் சிலருக்கு மாத்திரையிலேயே சிகிச்சை கிடைக்கும். முதல் நாள் 50 மில்லி தனியாகப் பிடிக்கச் சொன்னதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

சி.இ.ஏ நீரில் மிக அதிகமாக இருந்தால் புற்றுக்குப் பக்கபலமான சாட்சி. குறைவாக இருந்தால் ஒன்றும் சொல்லாது. மெசோதீலின் என்ற இன்னொரு குறியீடு, கல்நார் தூசியால் வரும் ப்ளூராவின் புற்றான மெசோதீலியோமாவைச் சந்தேகிக்கும்போது உதவும். கப்பல் உடைத்தல், பழைய பாய்லர், கல்நார்க் கூரைத் தொழிற்சாலை என்று முப்பது நாற்பது வருடம் முன் வேலை செய்தவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். யாரும் கேட்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

சி.ஏ 125 என்ற புற்றுக் குறியீடு பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பெண்களுக்கு நெஞ்சிலோ வயிற்றிலோ நீர் என்றதும் ரத்தத்தில் இதைப் பார்க்கிறார்கள், நூற்றுக்கணக்கில் வருகிறது, சினைப்பைப் புற்றுநோய் என்று வீடே அழுகிறது. ப்ளூரா, வயிற்றுச் சவ்வு எதில் நீர் கோத்தாலும் சி.ஏ 125 ஏறும். காசநோயிலும் ஏறும், வெறும் இதயப் பலவீனத்திலும் ஏறும். ஸ்கேன், சைட்டாலஜி இல்லாமல் அந்த எண்ணை வைத்து யாரும் உங்களைப் பயமுறுத்த விடாதீர்கள்.

ஒன்பதாம் படி: கதையைப் பொறுத்துக் கேட்க வேண்டியவை

இவற்றை எல்லோருக்கும் போடத் தேவையில்லை. குடிப்பழக்கம், வயிற்று வலி, இடது பக்க நீர் என்றால் அமைலேஸ் என்ற கணைய நொதி. கணையத்திலிருந்து கசிந்திருந்தால் ஆயிரக்கணக்கில் நிற்கும். பால் நிற நீருக்கு டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு. 110 மில்லிகிராமுக்கு மேல் என்றால் நிணநீர்க் கசிவு, 50க்குக் கீழ் என்றால் பெரும்பாலும் இல்லை. சாப்பிடாமல் இருந்தவருக்கு நிறம் தெளிந்தும் இருக்கலாம். பல வருடப் பழைய நீர் பால் போல இருந்து கொலஸ்ட்ரால் 200 தாண்டினால் அது போலி நிணநீர், வைத்தியம் வேறு. சிறுநீர்ப் பாதையில் அடைப்போ அறுவையோ ஆன பிறகு வந்த நீரில் கிரியாட்டினின், ரத்தத்தைவிட அதிகமாக இருந்தால் அது சிறுநீரே.

பத்தாம் படி: எந்த எண்ணும் பேசாதபோது

எக்ஸுடேட், லிம்போசைட், ஏ.டி.ஏ 30ஐச் சுற்றி, சைட்டாலஜி இரண்டு தடவை இல்லை. இப்படி நடுவில் தொங்கும் ரிப்போர்ட்டுகள் உண்மையிலேயே வரும். அப்போது எண்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட ப்ளூராவிலிருந்தே திசு எடுத்துப் பார்ப்பதுதான் வழி. ஸ்கேன் பார்த்து ஊசியால் எடுக்கலாம். தோராகோஸ்கோப்பி என்று சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் சவ்வை நேரில் பார்த்துச் சந்தேகமான இடத்தில் எடுக்கலாம். கேமரா என்றதும் பெரிய ஆபரேஷன் என்று பயந்து வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியும் லேசான மயக்க மருந்துமே போதுமானதாக இருக்கும். எடுத்த திசுவில் பாதி ஃபார்மலினில், பாதி காசநோய்க் கல்ச்சருக்காக ஃபார்மலின் படாமல் உப்புநீரில் போக வேண்டும். முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், வளர்க்க முடியாது. இதைப் போடுவதற்கு முன்பே நினைவுபடுத்துங்கள்.

ஜிப்மருக்கோ வேறு பெரிய மருத்துவமனைக்கோ போகச் சொன்னால் ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிக் கொண்டுபோங்கள். நீர் எடுத்த தேதி, எத்தனை மில்லி, எந்த நிறம், அன்றைய ரத்த எண்கள், அப்போது ஓடிய மருந்துகள் இவற்றை ஒரு தாளில் எழுதி மேலே வையுங்கள். எக்ஸ்ரே பிலிமையும் சி.டி தட்டையும் விட்டுவிடாதீர்கள். முதல் இடத்தில் செய்த சைட்டாலஜி ஸ்லைடுகளையும் செல் பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டால் மறுபடி ஊசி போடாமலே புதிய சோதனை செய்ய முடியலாம்.

காசநோய் மாத்திரை தொடங்கியவர்களுக்குக் காய்ச்சல் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் இறங்கத் தொடங்கும், பசி எடுக்கும். நீர் மெதுவாகத்தான் வற்றும், அதற்குச் சில மாதங்கள்கூட ஆகலாம். முதல் சில வாரத்தில் மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே நீர் கொஞ்சம் கூடித் தெரிவதும் உண்டு, அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இரண்டு மாத முடிவில் எக்ஸ்ரே எடுத்துப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எடை ஏறவில்லை, நீர் குறையவில்லை, அல்லது எடுத்த இடத்தில் திரும்ப நிரம்புகிறது என்றால், அந்தப் பழைய ஏ.டி.ஏ எண்ணை ஒதுக்கிவைத்துவிட்டு, சைட்டாலஜி எவ்வளவு நீரில் பார்த்தார்கள் என்ற கேள்வியிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்லுங்கள்.